யார் பாட்டு, யார் அழுகை: ஒரு காதல் தோல்விப் பாடலின் வரலாறு

1

'இசைக்குச் சாதி கிடையாது, நிறம் கிடையாது' என்று சொல்லாத மேடை நம் நாட்டில் இல்லை. சபாக்காரர்களும் சொல்கிறார்கள், சினிமாக்காரர்களும் சொல்கிறார்கள். பறையை மேடையில் ஏற்றி நாலு நிமிடம் கைதட்டிவிட்டு, அடித்தவனுக்குக் கொல்லைப்பக்கம் இலை போடுகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இது பொய் என்று காட்ட நம் சேரிகளின் வரலாறே போதும். ஆனாலும் இந்தக் கட்டுரையில் நான் அமெரிக்காவில் பிறந்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் நமக்கும் உள்ள உறவு புதியதல்ல. 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸ் கரும்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் பெயர் வைத்துக்கொண்டது. அவர்களுடைய கவிதைகளையும் தன்வரலாறுகளையும் மொழிபெயர்த்துப் படித்து வளர்ந்த தலைமுறை நாம். பாட்டு என்று வரும்போது மட்டும் போராட்டப் பாட்டைத்தான் தேடியிருக்கிறோம். காதல் தோல்விப் பாட்டா, அதிலென்னப்பா அரசியல் என்று கேட்கிற தோழர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாட்டின் பெயர் 'ஐ கான்ட் ஸ்டாப் லவ்விங் யூ'. உன்மேல் வைத்த ஆசையை விட முடியவில்லை என்பதுதான் அதன் சாரம். போனவள் திரும்பமாட்டாள் என்று தெரியும், இருந்தும் பழைய நாட்களின் நினைப்பிலேயே காலத்தைத் தள்ளிவிடுவதென்று ஒருவன் முடிவெடுக்கிறான். அவ்வளவுதான் பாட்டு. எழுதியவர் டான் கிப்சன் என்ற வெள்ளையர். 1958இல் அவர் குரலில் வந்து, வெள்ளைக் கிராமத்து இசை என்று சந்தை வகுத்திருந்த 'கன்ட்ரி' பட்டியலில் 7ஆம் இடம் பிடித்தது. அதே ஆண்டு கிட்டி வெல்ஸ் பாடினார், 3ஆம் இடம். 1972இல் கான்வே ட்விட்டி பாடினார், முதல் இடம். நடுவில் 1962இல் ரே சார்ல்ஸ் என்ற கண் பார்வையற்ற கறுப்பர் பாடினார். அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் 5 வாரம் முதலிடத்தில் நின்றது. கறுப்பர்களுக்கென்று இருந்த 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' பட்டியலிலும் முதலிடம். உலகம் இன்றைக்கும் நினைவில் வைத்திருப்பது அந்தக் குரலைத்தான்.

ஆனால் கன்ட்ரிப் பட்டியலில் அந்தக் குரலுக்கு ஒரு வாரம்கூட இடமில்லை. பாட்டு கன்ட்ரிப் பாட்டு, எழுதியவர் கன்ட்ரிக்காரர், பாடிய மற்ற மூவருக்கும் அங்கே இடம் இருந்தது. நாலாவது ஆளுக்கு மட்டும் ஏன் இல்லை? ஊருக்குள் தேர் எந்தத் தெரு வரைக்கும் வரும் என்று தெரிந்த நமக்கு இந்தக் கேள்வி ஒன்றும் அந்நியமானதல்ல.

2

பட்டியல்கள் எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும்.

1920இல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பெண் 'கிரேஸி ப்ளூஸ்' என்ற பாட்டைப் பாடி இசைத்தட்டு வந்தது. அதுவும் காதலன் விட்டுப்போன துயரத்தைச் சொல்கிற பாட்டுத்தான். கறுப்பின மக்கள் அதை வாங்கிய வேகத்தைப் பார்த்துக் கம்பெனிகள் அசந்துபோயின. கூலிக்கார சனங்க காசு கொடுத்துத் தங்கள் குரலை வாங்குவாங்க என்று அதுவரை எந்த முதலாளியும் நினைத்ததில்லை. உடனே கறுப்பர்களுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் போட்டார்கள். 'ரேஸ் ரெகார்ட்ஸ்' என்று பெயர். தென்மாநிலத்து ஏழை வெள்ளையர்களின் பாட்டுக்கு 'ஹில்பில்லி', அதாவது மலங்காட்டான் பாட்டு, என்று இன்னொரு பட்டியல்.

ஆனால் அந்த இரண்டு சனங்களும் ஒரே பருத்திக்காட்டு மண்ணில் கிடந்தவர்கள். கன்ட்ரி இசைக்கு அடையாளமாகச் சொல்கிற பேஞ்சோ என்ற நரம்புக் கருவி ஆப்பிரிக்க அடிமைகளோடு கடல் தாண்டி வந்தது. கன்ட்ரியின் பெரிய பெயரான ஹாங்க் வில்லியம்ஸ் சிறுவனாக இருந்தபோது இசை கற்றுக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். நாஷ்வில் நகரத்தின் புகழ்பெற்ற 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி, மவுத் ஆர்கன் வாசித்த கறுப்பர். வெள்ளைக் கலைஞர்களோடு ஊர் ஊராகப் போவார், அவர்கள் தங்குகிற ஓட்டலில் அவருக்கு அறை கிடைக்காது. 1941இல் அவரை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அதே நகரத்தில் ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். வானொலியில் கேட்டபோது அவர் இசைக்கு நிறம் தெரியவில்லை. பந்தியில் உட்காரும்போதுதான் தெரிந்தது.

1949இல் 'பில்போர்டு' பத்திரிகை 'ரேஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாற்றியது. பெயர்தான் மாறியது. சேரிக்குக் 'காலனி' என்று பெயர் மாற்றினார்களே, அதைப் போல.

நான் எம்.ஏ. படித்த வகுப்பிலும் இப்படி இரண்டு பட்டியல்கள் இருந்தன. புறநானூற்றுக் கையறுநிலையை நாள் கணக்கில் நடத்தினார்கள். ஒப்பாரி, 'நாட்டார் வழக்காறு' என்ற விருப்பப் பாடத்தில் ஒரு பக்கக் குறிப்பாக வந்து போனது. மன்னன் செத்துப் பாணன் பாடினால் அது இலக்கியம். பண்ணையார் செத்துச் சேரிப் பெண் பாடினால் அது கூலிவேலை. அழுகையிலும் மேல்தெரு, கீழ்த்தெரு உண்டு என்பதை நான் அந்த வகுப்பில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

3

ஒருவர் பாடிப் பதிவுசெய்த பாட்டை இன்னொருவர் பாடிப் பதிவுசெய்தால் அதைக் 'கவர்' என்பார்கள். கேட்க வெள்ளந்தியான சொல். 1950களின் அமெரிக்காவில் அதற்கு வேறொரு வேலை இருந்தது. கறுப்பர் பாடிய பாட்டு விற்க ஆரம்பித்ததும், அதே பாட்டை ஒரு வெள்ளைப் பாடகரை வைத்து அவசர அவசரமாகப் பதிவுசெய்து இறக்குவார்கள். வெள்ளையர் வானொலி நிலையங்கள் இரண்டாவதைத்தான் ஒலிபரப்பும். 1955இல் ஃபேட்ஸ் டாமினோவின் பாட்டை பேட் பூன் பாடி முதலிடத்துக்குப் போனது இந்த வழியில்தான். முதலில் பாடியவரின் குரலை அந்தக் 'கவர்' நிஜமாகவே மூடியது.

அதே ஆண்டில் லாவெர்ன் பேக்கர் என்ற கறுப்பினப் பாடகிக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அவருடைய 'ட்வீட்லி டீ' பாட்டை ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளைப் பாடகி கிட்டத்தட்ட அச்சு அசலாகப் பாடினார். இசை அமைப்பு அதே, குரலின் வளைவு நெளிவும் அதே. நகல் அசலைவிட மேலே ஏறியது. லாவெர்ன் பேக்கர் சும்மா இருக்கவில்லை. மிச்சிகன் மாநிலத்துக் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸுக்கு முறையிட்டார், சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதுதான் முக்கியம். 1909ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டு ஒருமுறை பதிவாகிவிட்டால் யார் வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பாடிப் பதிவுசெய்யலாம், தட்டு ஒன்றுக்கு 2 சென்ட் பாட்டின் உரிமையாளருக்குக் கட்டினால் போதும். எழுதப்பட்ட பாட்டுக்குச் சட்டம் பாதுகாப்புத் தந்தது. குரலுக்கும், குரலின் குழைவுக்கும், தாளத்தை இழுத்து நிறுத்துகிற அந்த நொடிக்கும் தரவில்லை. ஒலிப்பதிவுக்கென்று மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு வந்ததே 1972இல்தான். தாளில் எழுதினவனுக்குப் பட்டா, தொண்டையில் வைத்திருந்தவனுக்குப் புறம்போக்கு. நம்ம ஒப்பாரிக்கும் பறையடிக்கும் இன்றுவரை யார் பேரில் பட்டா இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே அடுத்தவர் பாட்டை எடுப்பதில் இரண்டு விதம் உண்டு. மேலிருந்து எடுப்பவன் முதலில் பாடியவரை மறைக்கிறான். கீழிருந்து எடுப்பவனுக்கு மறைக்கிற சக்தி கிடையாது. ரே சார்ல்ஸ் கிப்சன் பாட்டைப் பாடியதால் கிப்சனுக்கு நஷ்டம் ஏதுமில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் பங்கு போனது, எழுதியவர் என்ற பேரும் உலகம் பூராவும் போனது. லாவெர்ன் பேக்கருக்கு ஜார்ஜியா கிப்ஸிடமிருந்து என்ன வந்தது? இரண்டையும் ஒரே 'கவர்' என்ற சொல்லால் அழைப்பது, திருட்டையும் உரிமை மீட்பையும் ஒரே தராசில் நிறுப்பது.

4

இனி அந்த மனிதரைப் பார்ப்போம். ரே சார்ல்ஸ் 1930இல் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனியில் பிறந்து, ஃபுளோரிடாவின் கிரீன்வில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். தம்பி ஜார்ஜ் துணி துவைக்கிற தொட்டியில் விழுந்து செத்ததைக் கண் முன்னால் பார்த்தவர். அதற்குச் சில ஆண்டுகளில் அந்தக் கண்ணும் போய்விட்டது. செயின்ட் அகஸ்டீனில் இருந்த அரசுப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கேயும் கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி, வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி. நிறம் என்றால் என்னவென்றே பார்க்க முடியாத பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரித்திருந்தார்கள். இந்தக் கிறுக்குத்தனத்தைத் தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே கேலி செய்திருக்கிறார். பதினைந்து வயது நிறைவதற்குள் தாயையும் இழந்தார்.

சின்ன வயதிலேயே வானொலியில் கிராண்ட் ஓல் ஆப்ரி கேட்டவர். இளைஞனாக ஃபுளோரிடாவில் ஒரு வெள்ளைக் கன்ட்ரிக் குழுவில் பியானோ வாசித்து வயிறு வளர்த்தவர். கன்ட்ரி அவருக்கு வேற்று இசையல்ல. பக்கத்துத் தெரு இசை, அந்தத் தெருவுக்குள் நடக்கத்தான் அனுமதி இல்லை.

1961 மார்ச்சில் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் அவர் கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. நடனத் தளம் வெள்ளையருக்கு மட்டும், கறுப்பர்கள் மேல்மாடத்தில் இருந்து பார்க்கலாம் என்பது ஏற்பாடு. அந்த ஊர் பெய்ன் கல்லூரிக் கறுப்பின மாணவர்கள் அவருக்குத் தகவல் அனுப்பினார்கள். பாடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஏற்பாட்டாளர் வழக்குப் போட்டார். 1962 ஜூனில் நீதிமன்றம் 757 டாலர் கட்டச் சொன்னது.

தேதியைக் கவனியுங்கள். 'ஐ கான்ட் ஸ்டாப் லவ்விங் யூ' நாட்டின் முதலிடத்தில் நின்றதும் அதே 1962 ஜூன் மாதம்தான். அதற்கு முந்தைய குளிர்காலத்தில், அவர் பிறந்த ஆல்பனியில் தனிமைப்படுத்தலுக்கு எதிராக நூற்றுக்கணக்கான கறுப்பர்கள் சிறை சென்றிருந்தார்கள். ஜூலையில் மார்ட்டின் லூதர் கிங் அதே ஊரில் மறுபடியும் சிறை போனார். ஆல்பனிப் போராட்டம் பாட்டுக்குப் பேர் போனது. சர்ச்சில் பாடிய பழைய பாட்டுகளை எடுத்து, கடவுள் பெயர் இருந்த இடத்தில் விடுதலையை வைத்து, சிறைக்குள் பாடினார்கள். 'ஃப்ரீடம் சிங்கர்ஸ்' குழு அங்கிருந்துதான் பிறந்தது. ஒரே ஊர்க்காரர்கள் பழைய பாட்டுக்குப் புது உயிர் கொடுக்கிற வேலையை ஒரே நேரத்தில் இரண்டு விதமாகச் செய்திருக்கிறார்கள்.

முந்தைய கம்பெனியை விட்டு ஏபிசி-பாரமவுண்டுக்கு வந்தபோது ரே சார்ல்ஸ் தன் ஒலிப்பதிவுகளின் உரிமை தன்னிடமே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர். அந்தப் பலத்தில்தான், கன்ட்ரிப் பாட்டாக எடுத்து ஒரு ஆல்பம் போடப்போகிறேன் என்றார். வேண்டாம், இருக்கிற ரசிகர்களும் போய்விடுவார்கள் என்று எச்சரித்தவர்கள் உண்டு. 12 பாட்டுகளில் இது 11ஆவது. பெரிதாக எடுபடாது என்று கடைசியில் தள்ளிவைத்த பாட்டு.

5

கிப்சன் பாட்டை எழுதியது 1957இல், கையில் காசில்லாத காலத்தில். கடன் பாக்கிக்காக வீட்டு டிவியைத் தூக்கிக்கொண்டு போன நாட்கள் அவை என்று சொல்வார்கள். அவர் பாடியதில் ஏழை வெள்ளையனின் ஒண்டிக்கட்டைச் சோகம் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அந்தத் தாளம் நிற்காமல் நடந்துபோகிறது, நெடுஞ்சாலையில் தனியாகப் போகிறவன் முணுமுணுப்பது போல.

ரே சார்ல்ஸ் அதை நிறுத்தி, உட்காரவைத்து, மெதுவாக்கிப் பாடினார். பின்னால் வயலின்கள், ஒரு கோரஸ். முதலில் கோரஸ்தான் தொடங்குகிறது. வெள்ளையர் வரவேற்பறைக்கு ஏற்ற மாதிரி மழமழவென்று, சுருக்கம் விழாத குரல்கள். அவர்கள் ஒரு வரி சொல்ல, இவர் கரகரத்த குரலில் பதில் சொல்கிறார். இந்த அழைப்பும் பதிலும் கறுப்பின சர்ச்சின் முறை. போதகர் சொல்வார், சபை திருப்பிச் சொல்லும். இங்கே தலைகீழாகத் தொடங்குகிறது. ஆனால் முடிவை நெருங்கும்போது ரே சார்ல்ஸ் அந்தக் கோரஸைப் பார்த்து, போதகர் சபைப் பிள்ளைகளிடம் சொல்வது மாதிரி, பாடச் சொல்லி ஏவுகிறார். தென்மாநிலங்களில் வயதான கறுப்பரையும் 'பையா' என்று கூப்பிட்ட காலம் அது. அந்த ஒரு நொடியில் பாட்டு கைமாறிவிடுகிறது. எடுத்துக்கொண்டவர் இப்போது பாட்டின் சொந்தக்காரர்.

காதல் பாட்டுதானே என்கிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. 1956 ஏப்ரலில் அலபாமாவின் பர்மிங்ஹாமில், வெள்ளைப் பார்வையாளர்கள் முன்னால் காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த நாட் கிங் கோலை மேடையிலேயே ஏறித் தாக்கினார்கள் வெள்ளை வெறியர்கள். கறுப்பன் வெள்ளைப் பெண்ணைப் பார்த்துப் பாடிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். நிறம் தாண்டிய திருமணத்துக்கு இருந்த தடையை உச்ச நீதிமன்றம் உடைத்தது 1967இல். அன்றைக்குக்கூட 16 மாநிலங்களில் அது குற்றமாக இருந்தது. அப்படிப்பட்ட நாட்டில், வெள்ளையர் எழுதிய பாட்டில், 'உன்னை' என்று பெயர் சொல்லாமல் ஒரு கறுப்பர் ஏங்குகிறார். யார் அந்த 'உன்னை'? தண்டவாளத்தில் கிடந்த நம் பையன்களை, பட்டப்பகலில் பஸ் நிலையத்தில் வெட்டுப்பட்ட நம் பையன்களைத் தெரிந்தவர்கள், காதல் பாட்டில் அரசியல் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் என் காதுக்கு அந்த 'உன்னை' ஒரு பெண்ணோடு நின்றுவிடவில்லை. ரே சார்ல்ஸ் சர்ச் பாட்டுகளின் மெட்டெடுத்துக் காதல் பாட்டாக்கியவர். 1954இல் பதிவான 'ஐ காட் எ வுமன்' அப்படி வந்ததுதான். ஆண்டவர் இருந்த இடத்தில் பெண்ணை வைத்ததற்காகச் சர்ச்சுக்காரர்கள் திட்டினார்கள். அந்த வழக்கத்தில் ஊறியவர்களுக்கு அவர் காதல் பாட்டுப் பாடும்போது அடியில் வேண்டுதலும் கேட்கும். தொட்டியில் மூழ்கிய தம்பி, சொல்லிக்கொள்ளாமல் போன தாய், தன்னை மேல்மாடத்துக்குத் துரத்திய ஜார்ஜியா எல்லாமே அந்த 'உன்னை'யில் இருக்கலாம். திருப்பி நேசிக்காத மண்ணை விடவும் முடியாமல் கிடப்பவனின் துயரத்துக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. காதல் தோல்வி என்ற பெயரில்தான் அது வெளியே வர முடிந்தது.

இதை நான் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. எங்கள் பக்கம் ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். என் ஆயா போவாள். பந்தலுக்கு வெளியே நின்று மாரடித்து அழுவாள். மரக்கால் நெல் கூலி. நம்ம தெருவுக்குள்ள தண்ணி விடாதவனுக்காக எப்படி ஆயா உனக்குக் கண்ணுல தண்ணி வருது என்று ஒருநாள் கேட்டேன். "அவன் பொணம் ஒரு சாக்குடா. பாட்டு ஆரம்பிக்கிற வரைக்குந்தான் அவனுக்கு. அப்பால நான் அழுவறது எம் புள்ளைக்கு" என்றாள். அம்மையில் செத்த தன் முதல் பிள்ளையைச் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு ஊரில் பந்தலும் இல்லை, பாட்டும் இல்லை. அடுத்தவன் சாவில் தன் சாவுக்கு அழுவது அவள் கற்றுவைத்திருந்த வழி. ரே சார்ல்ஸ் அடுத்தவர் பாட்டில் செய்ததும் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

6

பாட்டு ஆல்பத்தில் வந்த சூட்டோடு டாப் ஹண்டர் என்ற வெள்ளை நடிகர் அதே பாணியில் ஒரு நகல் பாடி வெளியிட்டார். அதைப் பார்த்தபிறகுதான் கம்பெனி ரே சார்ல்ஸ் பதிவைச் சுருக்கித் தனித்தட்டாக இறக்கியது. பழைய 'கவர்' தந்திரம் இந்தமுறை தோற்றுப்போனது. சனங்க அசலைத்தான் வாங்கினாங்க. கிராமி விருதும் கிடைத்தது, ஆனால் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' பிரிவில்.

ரே சார்ல்ஸை மகானாக்கி மாலை போடுவது என் நோக்கமல்ல. 1981இல் உலகக் கறுப்பின இயக்கங்களின் கலாச்சாரப் புறக்கணிப்பை மீறித் தென்னாப்பிரிக்காவில் போய்ப் பாடினார். கண்டனங்களைச் சம்பாதித்தார். அது தப்புத்தான். அகஸ்டாவில் மறுத்த மனிதரே அங்கே போய்ப் பாடினார் என்பதையும் சேர்த்துத்தான் வரலாறு எழுத வேண்டும்.

நாஷ்வில்லின் கன்ட்ரி இசைப் புகழ்மன்றம் டிஃபோர்ட் பெய்லியைச் சேர்த்துக்கொண்டது 2005இல், அவர் செத்து 23 ஆண்டுகள் கழித்து. ரே சார்ல்ஸ் 2004இல் இறந்தார். அவரைத் தேர்ந்தெடுத்தது 2021இல். பட்டியலின் வாசல் அதோடு திறந்துவிட்டதா? 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் பாட்டைக் கன்ட்ரித் தன்மை போதாது என்று அதே பில்போர்டு கன்ட்ரிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அந்தப் பட்டியலில் ஒரு கறுப்பினப் பெண் முதலிடம் பிடிக்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பியான்சே.

இசைக்கு நிறமில்லை என்று இனி யாராவது சொன்னால் மறுக்க வேண்டாம், ஒப்புக்கொள்ளலாம். பாட்டுக்கு நிறமில்லைதான். அதனால்தான் ரே சார்ல்ஸால் அதை எடுக்க முடிந்தது. நிறம் பார்ப்பது பட்டியல். பாட்டை யார் பாடினார், பணம் யாருக்குப் போனது, எந்த அலமாரியில் வைத்தார்கள் என்று மூன்று கேள்விகளைக் கேட்டால் அது தெரிந்துவிடும். நம் ஒப்பாரிகளைப் பதிவு செய்யக் கருவியோடு சேரிக்கு வருகிற ஆய்வாளர்களிடமும், பறையடியைச் சினிமாவுக்கு எடுக்கிற இசையமைப்பாளர்களிடமும் நம் பிள்ளைகள் இந்த மூன்றையும் கேட்க வேண்டும். பதில் சொன்னபிறகு பாடலாம்.